க்வெரி முடிவிலிருந்து வரைபடமும் அட்டவணையும்: சொந்த நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தரவுத்தளத்தில் க்வெரி, அதாவது தரவைக் கேட்கும் கட்டளை, ஓடி முடிந்து, வரிசைகளும் நெடுவரிசைகளுமாக ஒரு முடிவு கையில் இருக்கிறது. அதை மற்றவர்கள் படிக்கும்படி வரைபடமாகவோ அட்டவணையாகவோ மாற்ற நீங்களே நிரல் எழுதப் போகிறீர்கள். அந்த நடு வேலையில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பேச்சு பெரும்பாலும் தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல், நிரல்மொழிகளான பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் பற்றியது. உதாரணத்துக்கு ஒரே தரவைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்: பல கிளைகள் உள்ள ஒரு நூலகத்தில் புத்தகங்கள் இரவல் போன பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் தேதி, கிளை, புத்தகத்தின் வகை, உறுப்பினர் எண் ஆகியவை இருக்கும்.

கருவியிலேயே வரைபட வசதி இருக்கும்போது சொந்த நிரல் எதற்கு?

பல நேரங்களில் தேவையே இல்லை. மெட்டாபேஸ், சூப்பர்செட், ரீடேஷ், கிராஃபானா போன்ற தரவைக் காட்டும் கருவிகளில் மாதவாரியான ஒரு பட்டை வரைபடம் வேண்டுமென்றால் நாலு கிளிக்கில் வந்துவிடும். அதை நிரலாக எழுதினால் பிறகு பராமரிக்கும் சுமைதான் மிஞ்சும்.

இரண்டு தரவுத்தளங்களின் முடிவுகளை ஒன்றாக்க வேண்டும் என்றால், வகைவாரிக் கூட்டுத்தொகை இடையிடையே வரும் அட்டவணை கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொரு கிளைக்கும் ஒரே மாதிரி ஓர் அறிக்கை தானாக உருவாக வேண்டும் என்றால், அப்போது நிரல்தான் வழி. கணக்கு சரியா என்று சோதனை எழுதிப் பார்க்க முடிவதும் நிரலின் பெரிய பலம். கிளிக் செய்து அமைத்த வரைபடத்துக்கு அப்படிச் சோதனை எழுதுவது கடினம்.

வரையத் தொடங்கும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முடிவில் உள்ள ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். தவறான வரைபடங்களில் பெரும்பாலானவை நிறத்தாலோ அச்சாலோ தவறாவதில்லை. வரைந்தவர் ஒரு வரிசையை ஒன்றாக நினைத்திருப்பார், உண்மையில் அது வேறொன்றாக இருக்கும்.

எனவே நிரலின் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "ஒரு வரிசை என்பது ஒரு கிளையில் ஒரு மாதத்தில் ஒரு வகையில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை." இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லையென்றால் இன்னும் வரையும் கட்டத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். எழுத முடிந்தால் உடனே அதைச் சோதிக்கவும் முடியும். கிளை, மாதம், வகை மூன்றும் சேர்ந்த கூட்டு ஒரு முறைக்கு மேல் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் அந்த வாக்கியம் பொய்.

அது எப்படிப் பொய்யாகிறது? பெரும்பாலும் ஜாயினால், அதாவது இரண்டு அட்டவணைகளை இணைப்பதால். இரவல் பதிவுகளைப் புத்தக ஆசிரியர் அட்டவணையோடு இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியர்கள் எழுதிய புத்தகம் ஒருமுறை இரவல் போயிருந்தாலும் முடிவில் இரண்டு வரிசைகளாக வந்து நிற்கும். அதை எண்ணினால் இரவல் எண்ணிக்கை கூடிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. வரைபடம் வழக்கம்போல அழகாகவே இருக்கும், பட்டைகள் மட்டும் உண்மையைவிட உயரமாக நிற்கும். ஜாயினுக்கு முன் எத்தனை வரிசைகள், பின் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். பைத்தானில் தரவைக் கையாளும் தொகுப்பான பாண்டாஸில் இணைப்பவர்களுக்கு இன்னும் எளிது: மெர்ஜ் அழைப்பில் வேலிடேட் என்ற அமைப்பைக் கொடுத்து, இது பலவற்றுக்கு ஒன்று என்ற உறவு என்று சொல்லிவிட்டால், அப்படி இல்லாதபோது பாண்டாஸே வேலையை நிறுத்திப் பிழை காட்டும்.

எந்த வேலையை எஸ்கியூஎல்லில் செய்வது, எதை நிரலுக்கு விடுவது?

வடிகட்டுவது, இணைப்பது, தொகுத்துக் கூட்டுவது மூன்றையும் தரவுத்தளத்திலேயே முடித்துவிடுங்கள். லட்சக்கணக்கான வரிசைகளை வலைவழியாக இழுத்துவந்து பிரவுசரில் கூட்டிப் பன்னிரண்டு பட்டைகள் வரைவது யாருக்கும் நல்லதில்லை. நகரும் சராசரி, ஓடும் கூட்டுத்தொகை போன்றவற்றையும் எஸ்கியூஎல்லின் விண்டோ ஃபங்ஷன்களே நன்றாகச் செய்யும்.

வடிவத்தை மாற்றுவது, பெயரிடுவது, எண்ணை அழகாக எழுதிக் காட்டுவது ஆகியவை நிரலின் வேலை. குறிப்பாக பிவட், அதாவது வரிசைகளில் உள்ள மதிப்புகளை நெடுவரிசைகளாகத் திருப்புவது. எஸ்கியூஎல்லில் பிவட் செய்ய எந்தெந்த நெடுவரிசைகள் வரும் என்று க்வெரி எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும். நாளை ஒரு புதிய கிளை திறந்தால் க்வெரியைத் திருத்த வேண்டிவரும். நிரலில் அந்தத் தொல்லை இல்லை.

வரிசைகள் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்பதை ஆர்டர் பை கொண்டு வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எஸ்கியூஎல் எந்த ஒழுங்குக்கும் உத்தரவாதம் தருவதில்லை. இன்று தேதி வாரியாக வந்தது என்பதற்காக நாளையும் அப்படியே வரும் என்று நம்பக் கூடாது. கோட்டு வரைபடம் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கியதுபோல் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நீள வடிவம், அகல வடிவம் என்கிறார்களே, எது எப்போது?

நீள வடிவத்தில் ஒவ்வொரு அளவும் தனி வரிசையில் இருக்கும்:

மாதம் | கிளை | இரவல்
ஜனவரி | வடக்கு | 120
ஜனவரி | தெற்கு | 95
பிப்ரவரி | வடக்கு | 134
பிப்ரவரி | தெற்கு | 88

அதே தரவு அகல வடிவத்தில்:

மாதம் | வடக்கு | தெற்கு
ஜனவரி | 120 | 95
பிப்ரவரி | 134 | 88

மனிதர்கள் படிக்க அகலம் வசதி. நிரல்கள் கையாள நீளம் வசதி. இந்த நீள வடிவத்தின் விதிகளை ஹாட்லி விக்ஹாம் 2014இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பலரும் அதை 'டைடி டேட்டா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். வேகா-லைட், சீபார்ன், ஜிஜிபிளாட்2 ஆகிய வரைபட நூலகங்கள் (வரைவதற்கான தயார் நிரல் தொகுப்புகள்) நீள வடிவத்தை எதிர்பார்க்கின்றன. கிளை என்ற நெடுவரிசையை நிறத்துக்குக் கொடுத்தால் போதும், கோடுகள் தானாகப் பிரியும். சார்ட்.ஜேஎஸ் வேறு மாதிரி. அதற்கு மாதப் பெயர்கள் ஒரு பட்டியலாகவும், ஒவ்வொரு கிளைக்கும் எண்கள் தனித்தனிப் பட்டியலாகவும் வேண்டும். அதாவது அகல வடிவத்துக்கு நெருக்கமானது.

என் யோசனை: க்வெரியிலிருந்து எப்போதும் நீளமாகவே எடுங்கள். அகலம் தேவைப்படும் இடத்துக்குச் சற்று முன்னால், கடைசி நேரத்தில் மாற்றுங்கள்.

பாண்டாஸில் அகலமாக்க இரண்டு வழிகள் உண்டு, பிவட், பிவட்_டேபிள் என்று. இவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒரே மாதம், ஒரே கிளைக்கு இரண்டு வரிசைகள் இருந்தால் பிவட் பிழை காட்டி நின்றுவிடும். பிவட்_டேபிள் நிற்காது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டின் சராசரியைப் போட்டுவிடும். 120, 80 என்று இரண்டு வரிசைகள் இருந்தால் 200 வர வேண்டிய கட்டத்தில் 100 வரும். பிவட் காட்டும் பிழை எரிச்சலாக இருக்கிறது என்று பிவட்_டேபிளுக்கு மாறிவிடுகிறவர்கள் நிறைய. அந்தப் பிழைதான் உங்கள் ஒரு வரிசையின் அர்த்தம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் பிவட்டைப் பயன்படுத்துங்கள். உண்மையிலேயே கூட்ட வேண்டியிருந்தால், பிவட்_டேபிளில் கூட்டுத்தொகை வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

சில தேதிகள் வரைபடத்தில் காணாமல் போகின்றன. ஏன்?

எஸ்கியூஎல்லின் தொகுக்கும் கட்டளையான குரூப் பை, இருக்கிற தரவைத்தான் தொகுக்கும். ஒரு நாளில் இரவலே நடக்கவில்லையென்றால் அந்த நாளுக்கு வரிசையே இருக்காது. கோட்டு வரைபடம் அந்த இடைவெளியை அறியாமல் முந்தைய நாளையும் அடுத்த நாளையும் நேராக இணைத்துவிடும். பார்ப்பவருக்கு அந்த நாளிலும் வழக்கமான வேலை நடந்ததுபோல் தெரியும்.

எல்லாத் தேதிகளும் கொண்ட ஒரு பட்டியலை முதலில் உருவாக்கி, அதன் மேல் தரவை லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஜெனரேட்_சீரிஸ் இதற்கென்றே இருக்கிறது. பாண்டாஸில் ரீஇண்டெக்ஸ் போதும். கிளைகளும் இருந்தால் எல்லாத் தேதிகளையும் எல்லாக் கிளைகளோடும் பெருக்கிய பட்டியல் தேவை. இதை மறந்துவிடுவது சகஜம்.

அப்புறம் வருவது இதைவிடக் கடினமான முடிவு: காலியான இடத்தில் பூஜ்யம் போடுவதா, காலியாகவே விடுவதா? கிளை திறந்திருந்தது, ஆனால் யாரும் வரவில்லை என்றால் பூஜ்யம். கிளை மூடியிருந்தது அல்லது அந்த நாளின் பதிவு இன்னும் வந்து சேரவில்லை என்றால் காலி. இதை நிரலால் தீர்மானிக்க முடியாது, தரவைச் சேகரிக்கிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வரைபட நூலகங்கள் நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) வந்தால் கோட்டை அறுத்துக் காட்டும் வசதியைத் தருகின்றன. அறுபட்ட கோடு பார்க்கச் சற்று அசிங்கம்தான். ஆனால் அங்கே தரவு இல்லை என்ற உண்மையை அது சொல்கிறது.

நல் மதிப்புகள் கணக்கை எப்படிக் கெடுக்கின்றன?

எஸ்கியூஎல்லில் நட்சத்திரக் குறி கொடுத்து எண்ணினால் எல்லா வரிசைகளும் எண்ணப்படும். நெடுவரிசைப் பெயர் கொடுத்து எண்ணினால் நல் உள்ளவை விடுபடும். சராசரியும் நல்லைத் தள்ளிவிட்டே வகுக்கும். ஒரு வரிசையும் பொருந்தாதபோது கூட்டுத்தொகை பூஜ்யமாக வராது, நல்லாக வரும்.

பாண்டாஸில் இரண்டு விஷயங்கள். முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு நல் வந்தாலும் இயல்பாக அந்த நெடுவரிசை முழுவதும் தசம எண்ணாகிவிடும். உறுப்பினர் எண் 1024 என்பது அட்டவணையில் 1024.0 என்று நிற்கும். இரண்டாவது இன்னும் மோசமானது: தொகுக்கும்போது வகை காலியாக உள்ள வரிசைகளைக் குரூப்பை தானாகவே விட்டுவிடும். வகைவாரிப் பட்டைகளைக் கூட்டினால் மொத்தத்துக்குச் சமமாகாது. டிராப்என்ஏ அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றி, அந்த வரிசைகளுக்கு 'வகை குறிப்பிடப்படாதவை' என்று பெயரிட்டுக் காட்டுவதுதான் நேர்மை.

எண்கள் விநோதமாகக் கூடுகின்றன, விநோதமாக அடுக்கப்படுகின்றன. என்ன காரணம்?

அவை எண்களே இல்லை, எண்ணைப் போலத் தோன்றும் சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள். ஜாவாஸ்கிரிப்டில் இது அன்றாடம் நடப்பது. போஸ்ட்கிரெஸில் எண்ணிக்கை பிகின்ட் என்ற பெரிய முழு எண் வகையில் வரும். நோட் சூழலில் பரவலாகப் பயன்படும் நோட்-போஸ்ட்கிரெஸ் அதை இயல்பாகச் சரமாகவே தருகிறது. 120ஐயும் 95ஐயும் கூட்டினால் 12095 வரும். பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்புக்குச் சரங்களைக் கொடுத்தால் அவற்றை வகைப் பெயர்களாக எடுத்துக்கொண்டு, வந்த ஒழுங்கிலேயே அச்சில் அடுக்கும். 95க்கு மேல் 120, அதற்கு மேல் 88 என்று அச்சு நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

நோட்-போஸ்ட்கிரெஸ் சரமாகத் தருவதற்குக் காரணம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். அதற்கு மேல் போகும் அடையாள எண்கள் கடைசி இலக்கங்களில் மாறிவிடும். ஆகவே அடையாள எண்களைச் சரமாகவே விட்டுவிடுங்கள், கணக்குக்கு உரியவற்றை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். அந்த மாற்றத்தைத் தரவு நுழையும் வாசலிலேயே ஒரே இடத்தில் செய்யுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்தும் சார்ட் (sort) ஃபங்ஷனும் தனியாகச் சொல்லாவிட்டால் எண்களைச் சரமாகவே ஒப்பிடும். 9, 10, 100 என்று கொடுத்தால் 10, 100, 9 என்று திரும்பும். மாதப் பெயர்களிலும் இதே சிக்கல்தான். அகரவரிசையில் அடுக்கினால் அக்டோபர் முதலிலும் ஆகஸ்ட் அடுத்தும் வரும். மாதத்தைத் தேதியாகவே வைத்து அடுக்கி, பெயரைக் காட்டும்போது மட்டும் எழுதுங்கள்.

தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டுகிறதே?

நேர மண்டலம். ஜாவாஸ்கிரிப்ட் வெறும் தேதியாக வரும் சரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். யூடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது முந்தைய நாளாகத் தெரியும். எதிர்த் திசையிலும் பிழை உண்டு: யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே உள்ள இடத்தில், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடந்தவை யூடிசிப்படி தொகுத்தால் முந்தைய நாளில் போய் விழும். எந்த மண்டலத்தின் 'நாள்' என்பதைத் தரவுத்தளத்திலேயே முடிவுசெய்து, நேரத்தை வெட்டும் முன் மண்டலத்தை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு பிரவுசருக்குத் தேதியைச் சரமாக அனுப்பிச் சரமாகவே காட்டினால் பிரச்சினை இல்லை.

வாரங்களிலும் எச்சரிக்கை தேவை. போஸ்ட்கிரெஸில் டேட்_டிரங்க் வாரத்தைத் திங்களில் தொடங்கும். மைஎஸ்கியூஎல்லின் வீக் ஃபங்ஷன் இயல்பாக ஞாயிறில் தொடங்கும். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமுறைப்படி 2024 டிசம்பர் 30 என்பது 2025ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் அடங்கும். ஆண்டைத் தேதியிலிருந்தும் வார எண்ணை ஐஎஸ்ஓவிலிருந்தும் எடுத்து ஒட்டினால், டிசம்பர் தரவு 2024இன் முதல் வாரத்தோடு போய்ச் சேரும். வார எண்ணுக்குப் பதில் அந்த வாரம் தொடங்கும் தேதியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

தொகுத்த முடிவை மறுபடி தொகுக்கலாமா?

கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தாராளமாக மறுபடி கூட்டலாம். சராசரி, சதவீதம், இடைநிலை, தனித்த எண்ணிக்கை ஆகியவற்றைக் கூடாது.

வடக்குக் கிளையில் 1,000 இரவலில் 50 தாமதமாகத் திரும்பின, 5 சதவீதம். தெற்கில் 20 இரவலில் 10 தாமதம், 50 சதவீதம். இரண்டு சதவீதங்களின் சராசரி 27.5. உண்மையான விகிதம் 1,020இல் 60, அதாவது ஏறத்தாழ 5.9. இடைவெளியைப் பாருங்கள். க்வெரியிலிருந்து சதவீதத்தை எடுத்துவராமல் மேல் எண், கீழ் எண் இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளாக எடுத்துவாருங்கள். எந்த மட்டத்தில் காட்டுகிறீர்களோ அந்த மட்டத்தில் கூட்டி, கடைசியில் வகுங்கள்.

தனித்த உறுப்பினர் எண்ணிக்கையும் இப்படித்தான். ஒருவரே மாதத்தில் நான்கு நாட்கள் வந்திருந்தால் நாள்வாரி எண்ணிக்கைகளைக் கூட்டும்போது நான்கு பேராகிவிடுவார். அட்டவணையின் 'மொத்தம்' வரிசைக்குத் தனி க்வெரி ஓட்டுங்கள்.

நடப்பு மாதம் எப்போதும் சரிந்து தெரிகிறது. சரிசெய்ய முடியுமா?

மாதம் முடியவில்லை, அவ்வளவுதான். முடிந்த மாதங்களோடு நிறுத்துங்கள், அல்லது நடப்பு மாதத்தைப் புள்ளிக்கோடாக, வெளிறிய பட்டையாகக் காட்டி 'இதுவரை' என்று எழுதுங்கள்.

எந்த வகை வரைபடம் தேர்ந்தெடுப்பது?

1984இல் வில்லியம் கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கில்லும் வெளியிட்ட ஆய்வு இன்றும் நல்ல வழிகாட்டி. ஒரே அளவுகோலில் இருக்கும் நிலைகளை மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறார்கள். ஒப்பீடு வேண்டுமென்றால் பட்டை, காலப்போக்கு வேண்டுமென்றால் கோடு என்பதற்கு ஆதாரம் இதுதான். ஏழெட்டுத் துண்டுகள் கொண்ட வட்ட வரைபடம் எதையும் சொல்வதில்லை.

பட்டையின் நீளமே அளவு என்பதால் அதன் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐந்தாறு எண்கள்தான் இருக்கின்றன என்றால் வரைபடமே வேண்டாம், சிறிய அட்டவணை போதும்.

ஆயிரக்கணக்கான புள்ளிகள் வந்தால் பக்கம் உறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

எஸ்விஜி என்ற பட வடிவத்தில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்தில் தனி உறுப்பு. சில ஆயிரங்களைத் தாண்டினால் பிரவுசர் திணறத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே படமாக வரையும் கேன்வாஸில் வரைந்தால் இன்னும் நிறையத் தாங்கும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, வரைபடத்தின் அகலம் 800 பிக்சல் என்றால் ஒரு லட்சம் புள்ளிகளை எங்கே வைப்பது என்பதுதான். நேரத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டை மட்டும் க்வெரியிலேயே எடுத்துவாருங்கள். சராசரியை மட்டும் எடுத்தால் திடீர் ஏற்றங்கள் மறைந்துவிடும். கோட்டின் தோற்றம் மாறாமல் புள்ளிகளைக் குறைக்க, ஸ்வெயின் ஸ்டெய்னார்சன் 2013இல் தன் ஆய்வேட்டில் முன்வைத்த எல்டிடிபி முறை பல நூலகங்களில் கிடைக்கிறது.

கருவியின் வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பவர் பிஐ என்ற அறிக்கைக் கருவியில் பைத்தான் காட்சிக்கு 1,50,000 வரிசைகள்தான் போகும், மீதி வெட்டப்படும். அதோடு, முற்றிலும் ஒரே மாதிரியான வரிசைகளை அது ஒன்றாக்கிவிடும். தனித்த அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பாவிட்டால் எண்ணிக்கை குறையும்.

தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாகவும், கொம்பு இடம் மாறியும் வருகின்றன. தீர்வு உண்டா?

உண்டு, ஆனால் இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். பெட்டி வருவது எழுத்துரு இல்லாததால். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, அதன் பெயரை அமைப்பில் கொடுத்தால் பெட்டிகள் மறையும்.

அதன் பிறகும் 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அது எழுத்துகளைக் கோக்கும் வேலையில் உள்ள குறை. யூனிகோடில் முதலில் மெய்யும் பிறகு உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. வரையும்போதுதான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். மேட்பிளாட்லிப் நீண்ட காலமாக இதைத் தானாகச் செய்ததில்லை. பிரவுசர்கள் ஒழுங்காகச் செய்கின்றன. ஆகவே எஸ்விஜி.ஃபாண்ட்டைப் என்ற அமைப்பை நன் என்று வைத்து எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். எழுத்துகள் எழுத்துகளாகவே கோப்பில் இருக்கும், பிரவுசர் அவற்றைச் சரியாகக் கோத்துக் காட்டும். பக்கத்தில் நேரடியாக வரைவதாக இருந்தால் வேகா-லைட், டி3 போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் இந்தத் தொல்லையே கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் இருக்கிறது. 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குரூப் பைக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். 'தொழில்நுட்பம்' என்ற வகைக்கு இரண்டு பட்டைகள் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தொகுக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் ஃபங்ஷன் உண்டு. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

அகரவரிசையும் தானாகச் சரியாக வராது. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்தே இருக்கிறது. குறி எண்ணை வைத்து அடுக்கினால் கனவு, கப்பல், கலை என்று வரும். தமிழ் அகராதி முறையில் கப்பல், கலை, கனவு. ஜாவாஸ்கிரிப்டில் இன்டில்.கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஐசியூ ஒப்பீட்டு முறையைக் கேளுங்கள்.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறக்கும்போது தமிழ் குப்பையாகத் தெரிந்தால், பாண்டாஸில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுங்கள். கோப்பின் தலையில் ஓர் அடையாளம் சேரும். எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

அட்டவணையைப் படிக்க எளிதாக்குவது எப்படி?

எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள், பெயர்களை இடப்பக்கம். ஒரு நெடுவரிசைக்குள் தசம இடங்கள் ஒரே அளவில் இருக்கட்டும். அலகைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். சிஎஸ்எஸ்ஸில் இலக்கங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் வரும்படி செய்யும் டேபுலர்-நம்ஸ் அமைப்பைப் போட்டுவிட்டால், ஒன்றுகளும் பத்துகளும் நேர்க்கோட்டில் நிற்கும். பெரிய எண் எது என்று கண் உடனே பிடித்துவிடும்.

தலைப்புகளை எச்டிஎம்எல்லில் உண்மையான தலைப்புக் குறிகளாக எழுதுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கு எந்த எண் எந்தக் கிளைக்கு உரியது என்று அதிலிருந்துதான் தெரியும். வரைபடத்துக்குக் கீழேயே அதன் அட்டவணையையும் கொடுத்தால் அவருக்கும் முழுத் தரவு கிடைக்கும்.

காட்டும் வடிவத்தையும் மதிப்பையும் கலக்காதீர்கள். காற்புள்ளி போட்ட சரத்தை வைத்துக்கொண்டு அடுக்கவோ கூட்டவோ முடியாது. மூன்று பங்குகள் 33.3 என்று தெரிந்தால் கூட்டுத்தொகை 99.9 வரும். மொத்தத்தைச் சுருக்காத எண்களிலிருந்து கணக்கிட்டு 100 என்றே போட்டு, 'முழுமையாக்கியதால் சிறு வேறுபாடு' என்று அடியில் குறிப்பிடுங்கள்.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

க்வெரி முடிவில் வரும் எழுத்தும் வெளியாள் யாரோ தட்டச்சு செய்ததுதான். புத்தகத் தலைப்பு என்ற பெயரில், ஏற்றம் தவறும்போது ஓடும் ஸ்கிரிப்டைச் சுமந்த படக் குறி வந்து, அதை இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் ஒட்டினால் பார்ப்பவரின் பிரவுசரில் அது ஓடும். டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக மட்டும் எழுதுங்கள். கிளைப் பெயர் போன்ற வடிகட்டிகளை க்வெரிக்குள் சரமாக ஒட்டாமல் அளவுருவாகக் கொடுங்கள். சிஎஸ்வியாகத் தருவதாக இருந்தால், சமக்குறியில் தொடங்கும் கட்டங்களை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரலை எப்படிப் பிரித்து எழுதினால் பிறகு தலைவலி வராது?

மூன்று ஃபங்ஷன்கள். முதலாவது க்வெரி முடிவை வாங்கி வகைகளைச் சரிசெய்யும்: எண் எண்ணாக, தேதி தேதியாக, எழுத்து என்எஃப்சியாக. இரண்டாவது வடிவத்தை மாற்றும்: விடுபட்ட தேதிகளை நிரப்பும், பிவட் செய்யும், விகிதம் கணக்கிடும். மூன்றாவது வரையும். அது எந்தக் கணக்கும் செய்யக் கூடாது. வரையும் நூலகத்தை மாற்ற நேர்ந்தால் மூன்றாவதை மட்டும் மாற்றினால் போதும்.

நடுவில் உள்ள ஃபங்ஷனுக்குச் சோதனை எழுதுங்கள், அங்கேதான் பிழைகள் ஒளிந்திருக்கும். வெற்று முடிவு, ஒரே ஒரு வரிசை, நல் நிறைந்த நெடுவரிசை, இரட்டித்த வரிசை என்று சின்னச் சின்ன உதாரணங்களைக் கொடுத்துப் பாருங்கள். மாற்றத்துக்கு முன் இருந்த மொத்தமும் பின் வந்த மொத்தமும் சமமா என்ற ஒரு சரிபார்ப்பை நிரலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சமமில்லையென்றால் வரையாமல் பிழை காட்டட்டும்.

முடிவு காலியாக வந்தால் எதைக் காட்டுவது?

வெற்று அச்சுகளைக் காட்டாதீர்கள். பக்கம் இன்னும் ஏற்றமாகிறது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். எந்த வடிகட்டிக்கு, எந்தத் தேதி வரம்புக்குத் தரவு இல்லை என்று வாக்கியமாக எழுதுங்கள். 'தெற்குக் கிளையில் மார்ச் மாதத்துக்கு இரவல் பதிவு எதுவும் இல்லை' என்றால் படிப்பவர் வடிகட்டியை மாற்றிப் பார்ப்பார். க்வெரியே தோல்வியடைந்தது என்றால் அதற்கு வேறு செய்தி வேண்டும். தரவு இல்லை என்பதும் தரவைப் பெற முடியவில்லை என்பதும் திரையில் ஒரே மாதிரி தெரியக் கூடாது.